இழுத்த கையும் கழற்றிய பேஸும்

தேவராஜன் சேர், நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பது பொய். பரமேஸ்வரியின் இரண்டு விரல்கள் போனது அவளுடைய கவனக்குறைவால் அல்ல, உங்கள் உத்தரவால். அந்த உத்தரவை நிறைவேற்றியது என் கை. இரண்டையும் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

நான் சவரிமுத்து. கரவனெல்லைக்கு மேலே, றப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கடைசி வருடங்களில் ரவுட்டர் பகுதிக்கு சுப்பவைசர். தேவராஜன் சேர் அங்கே எங்களுக்கு உற்பத்தி முகாமையாளராக இருந்தவர். இப்போது அவரும் ஓய்வு பெற்று, டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் மரவேலை மெசின்களைப் பாதுகாப்பாகப் பாவிப்பது பற்றி வகுப்பு எடுக்கிறார். பரமேஸ்வரி என் பகுதியில் ரவுட்டர் ஓட்டியவள். அவளுடைய மகள் கௌசல்யா அந்த வகுப்பில் படிக்கிறாள்.

ரவுட்டர் என்றால் தெரியாதவர்களுக்கு: இரண்டு கையாலும் பிடித்து ஓட்டும் மெசின். ஒரு மோட்டார், அதன் அடியில் வட்டமான தட்டு, தட்டின் நடு ஓட்டையில் சுழலும் வெட்டுப் பிட். மேசைப் பலகையின் ஓரத்தை உருட்டுவது, கதவில் கோடு போடுவது, நாற்காலி முதுகில் வளைவு எடுப்பது எல்லாம் அதில்தான். நிமிசத்துக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் சுற்றும். பிடி தளர்ந்தால் அது நம் பேச்சைக் கேட்காது.

நாங்கள் பால் வெட்டுகிற சனம். என் அப்பாவும் அம்மாவும் றப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். நானும் வெட்டினேன். பால் முடிந்த கிழட்டு மரங்களைத் தறித்து விறகுக்குக் கொடுத்த காலம் போய், அதே மரத்தில் மேசை நாற்காலி செய்யலாம் என்று கண்டுபிடித்துத்தான் அந்தத் தொழிற்சாலையைத் திறந்தார்கள். வெட்ட மரம் இல்லாமல் போன எங்களை அதற்குள் எடுத்தார்கள். ஒரு கிழமை முழுக்க வாள் பிடிக்கச் சொன்னார்கள், ஒரு கிழமை மணல்தாள் தேய்க்கச் சொன்னார்கள், மூன்றாவது கிழமை ரவுட்டரைக் கையில் கொடுத்தார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

பால் வெட்டுகிறவனின் கை எப்படிப் பழகியிருக்கும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பால்கத்தியைத் தன்னை நோக்கி இழுத்துத்தான் வெட்டுவோம். மரத்துக்குப் பட்டையில் ஒரு சீவல் என்று விடியற்காலையில் நூற்றுக்கணக்கான மரம். எல்லாம் இழுப்புத்தான். தள்ளினால் கத்தி மரத்துக்குள் இறங்கும், காயம் பட்ட மரம் அந்த இடத்தில் பால் தராது, கங்காணி ஏசுவார். பதினைந்து வயதிலிருந்து இழுத்துப் பழகிய கைக்குத் தள்ளு என்று யார் சொன்னாலும் அவசரத்தில் அது இழுக்கத்தான் செய்யும்.

ரவுட்டர் அப்படி இல்லை. பிட் சுற்றும் திசைக்கு எதிராகத்தான் மெசினைக் கொண்டுபோக வேண்டும். பலகை உங்கள் முன்னால் கிடக்கிறது என்று வையுங்கள். இடப்பக்க ஓரத்தை வெட்டும்போது உங்களை நோக்கி இழுக்கலாம். வலப்பக்க ஓரத்தை வெட்டும்போது தள்ள வேண்டும். வலப்பக்கத்தில் இழுத்தால் பிட் மரத்தைப் பிடித்துச் சக்கரம் மாதிரி உருளும். மெசின் உங்கள் மேலேயே ஓடி வரும்.

எனக்கு வந்தது. நான்காவது நாள், ஒரு சாப்பாட்டு மேசைப் பலகை. வலப்பக்க ஓரத்தில் இழுத்தேன். மெசின் என் கையையும் இழுத்துக்கொண்டு ஒன்றரை அடி ஓடி வந்து பலகையின் மூலையைக் கடித்துத் துப்பியது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம். அன்றைக்கு எங்கள் போர்மன் சிறிபால பாஸ். கையில் இருந்த பென்சிலால் என் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏய் சவரி, இது றப்பர் மரம் தான். ஆனா செத்த றப்பர் மரம். பால் வராது. ஏன் இழுக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மாதத்திலேயே இன்னும் மூன்று பேருக்கு அதே போல மெசின் ஓடியது. மூன்று பேரும் பால் வெட்டியவர்கள். தச்சு வேலை தெரிந்து வந்த சிங்களப் பையன்கள் ஒருத்தனுக்கும் அது நடக்கவில்லை. பாஸ் அதைக் கவனித்தார். அவர் சத்தம் போடுகிற ஆள், வெற்றிலைச் சாற்றைத் துப்பிக்கொண்டே ஏசுகிற ஆள். ஆனால் ஒரே பிழையை நான்கு பேர் செய்தால் பிழை நான்கு பேரிடமும் இல்லை என்று தெரிந்த ஆள்.

"கையை மாத்த ஏலாது. மெசினை மாத்துவோம்" என்றார்.

அப்படித்தான் அந்தப் பேஸ், மெசினுக்கு அடியில் மாட்டுகிற தட்டு, வந்தது. எப்படிச் செய்தோம் என்பதை விபரமாக எழுதுகிறேன், ஏனென்றால் அதை யார் செய்தது என்பதில் இப்போது வேறு கதை ஓடுகிறது.

அந்த மெசினில் மூன்று கோளாறுகள் எங்களுக்கு இருந்தன. முதலாவது, கைப்பிடிக் குமிழ் இரண்டும் உயரத்தில் இருந்தன, பாரமும் மேலே. ஓரம் வெட்டும்போது வட்டத் தட்டில் பாதிக்கு மேல் வெளியே அந்தரத்தில் நிற்கும். மெசின் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும். இரண்டாவது, குமிழ்கள் வழவழவென்ற பிளாஸ்டிக். மாசி பங்குனி வெயிலில் உள்ளங்கை வியர்வையும் மரத்தூளும் சேர்ந்தால் சவர்க்காரக் கட்டியைப் பிடித்த மாதிரி. மூன்றாவது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மெசினில் எதுவும் சொல்லாது.

ஒட்டுப்பலகையில், பட்டர் புரூட் என்கிற வெண்ணெய்ப்பழத்தை நெடுக்காகப் பிளந்த வடிவத்தில் ஒரு தட்டு வெட்டினோம். அகன்ற பக்கத்தில் பிட்டுக்கு ஓட்டை. அந்தப் பக்கத்தில் மெசினை ஸ்குரூ போட்டு இறுக்கினோம். குறுகிய பக்கம் ஒரு சாண் நீண்டு மரத்தின் மேல் கிடக்கும். அதன் நுனியில் தாழ்வாக ஒரு மரக் குமிழ். இடது கை அந்தக் குமிழை அழுத்திக்கொண்டே போகும். மெசின் வெளியே சாய முடியாது. இடது கை பிட்டிலிருந்து எப்போதும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்.

பிறகு பாஸுக்கு ஒன்று தட்டுப்பட்டது. குமிழ் மரத்தின் மேல் இருக்கும் வரைக்கும், பலகையின் நான்கு பக்கத்தில் எந்தப் பக்கத்தை வெட்டினாலும், மெசின் போக வேண்டிய திசை தட்டைப் பொறுத்தவரை ஒன்றுதான். மெசினிலிருந்து குமிழைப் பார்த்தால் வலது பக்கம். அவ்வளவுதான். தட்டிலேயே சிவப்புப் பெயின்றால் ஓர் அம்புக்குறி போட்டார். அம்பு பார்க்கும் பக்கம் போ. தள்ளுவதா இழுப்பதா என்று கை யோசிக்கத் தேவையில்லை.

வழுக்கலுக்கு மருந்து நாங்கள் கண்டது. எங்களைச் சுற்றி எது இருந்ததோ அதுதான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வடிகட்டிய பச்சைப் பால் ஒரு போத்தல் கொண்டுவந்து குமிழில் தடவினோம். முதல் தடவை அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினேன். மேலே காய்ந்தது, உள்ளே பச்சையாக இருந்து இரண்டு நாளில் தோல் உரிந்த மாதிரிக் கையோடு வந்துவிட்டது. "கொழுக்கட்டை பிடிச்சிருக்கான் சவரி" என்று பாஸ் எல்லோருக்கும் காட்டினார். பிறகு மெல்லிசாக ஒரு பூச்சு, காய விட்டு இன்னொரு பூச்சு, இப்படி எட்டு. அதற்குப் பிறகு றப்பர் ஷீட் புகை போடும் ஸ்டோரில் இரண்டு நாள் தொங்க விட்டோம். தேன் நிறத்தில் வந்தது. ஈரக் கையால் பிடித்தாலும் வழுக்காது, மெசினின் அதிர்வும் கைக்குக் குறைவு. இரண்டு மூன்று மாதத்தில் வெயிலுக்கு இளகிப் பிசுபிசுக்கும். உரித்துவிட்டுப் புதிதாகப் பூசுவோம். அந்த வேலையை அதிகம் செய்தது பரமேஸ்வரி. பூச்சு போடுவதில் அவள் கைதான் சமமான கை.

மொத்தம் பதினொரு பேஸ். பாஸ் ஓய்வு பெற்றுப் போகும் வரைக்கும், அதற்குப் பிறகு நான் பொறுப்பாக இருந்த முதல் சில வருடங்களிலும், ரவுட்டர் பகுதியில் ஒரு விரலுக்கும் மருந்துக்கட்டு போடவில்லை. இது பெருமைக்கு எழுதவில்லை. பின்னால் வருவதற்காக எழுதுகிறேன்.

தேவராஜன் சேர் கொழும்பிலிருந்து வந்தார். நல்லவர் என்றுதான் முதலில் சொன்னோம். முன்பு இருந்தவர்களைப் போல "டேய்" போடுவதில்லை. எல்லோருக்கும் நீங்கள்தான். ஒவ்வொரு உத்தரவுக்கும் முன்னால் ஒரு ப்ளீஸ். சட்டைக்கை மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டிருக்கும். மெசின்களுக்கு இடையில் நடக்கும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். எதையும் தொட மாட்டார். பிழை கண்டால் அங்கே சொல்ல மாட்டார். திரும்பிப் போய் ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்புவார். தாளிலும் ப்ளீஸ் இருக்கும். ஏசுகிற ஆளிடம் பதிலுக்கு ஏசலாம். ப்ளீஸ் சொல்கிற ஆளிடம் என்ன சொல்வது? அது எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

எங்கள் சாமான்களை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனிக்காரர்கள் தொழிற்சாலையைச் சோதிக்க வருகிறார்கள் என்று ஒரு நாள் பேச்சு வந்தது. அன்றைக்குத் துண்டு வரவில்லை. அவரே வந்தார். பரமேஸ்வரியின் மேசை முன்னால் நின்றார்.

"மிஸ்டர் சவரிமுத்து, இது என்ன?"

"பேஸ் சேர். நாங்க செஞ்சது. ஓரம் வெட்டறப்ப மெசின் சாயாது."

"மெசினோடு வந்ததா?"

"இல்லைங்க சேர். சிறிபால பாஸ் இருக்கறப்ப..."

"மெசினோடு வராத எதுவும் மெசினில் இருக்கக்கூடாது. வருகிறவர்கள் கையேட்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். குமிழில் இது என்ன, ஒட்டுப்பாலா?" அவர் குனிந்து மோந்து பார்த்தார். "மணக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், ப்ளீஸ்."

பரமேஸ்வரி மெசினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவள் பேசுவாள், பயப்பட மாட்டாள்.

"சேர், ஒரு நிமிசம் பிடிச்சுப் பாருங்களேன். இதோட ஒரு தடவ, இது இல்லாம ஒரு தடவ. அப்புறம் கழட்டச் சொல்லுங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது அம்மா. அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்."

அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். பக்கத்து மேசைக்காரி "தெரியாதத பெருமையா சொல்றாரு பாரு" என்று முணுமுணுத்தாள். அவருக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். வருகிறவர்கள் வரும் நாளைக்கு மட்டும் கழற்றி வைப்போம், போன பிறகு மாட்டுவோம் என்றேன். அவர் அதைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"அது ஏமாற்று மிஸ்டர் சவரிமுத்து. நான் அப்படிச் செய்ய மாட்டேன். நிரந்தரமாக எடுத்துவிடுங்கள். திரும்ப மாட்ட ஆசை வராத மாதிரி அழித்துவிடுங்கள், ப்ளீஸ்."

பதினொரு பேஸையும் ஒரு சாக்கில் போட்டு, மரம் உலர்த்தும் அறைக்குச் சூடு கொடுக்கும் பொய்லர் அடுப்பில் நானே போட்டேன். இன்னொருத்தரைப் போடச் சொல்ல மனம் வரவில்லை. றப்பர் எரிந்த நாற்றம் அன்று சாயந்தரம் வரைக்கும் இருந்தது. உண்மையில் நான் எரித்தது பத்து. பதினொன்றாவதை, மாதிரிக்கு என்று சொல்லி, அவர் தன் அலுவலகத்தில் வைத்துக்கொண்டார். அது அப்போது எனக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை.

சோதிக்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். ரவுட்டர் பகுதியில் கால்மணி நேரம் நின்றிருப்பார்கள். தீயணைப்புக் குழாயைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

விபத்து மூன்று கிழமைக்குப் பிறகு நடந்தது. காலை தேநீர் மணிக்குச் சற்று முன்னால். நான் இரண்டு மேசை தள்ளி ஒரு பிட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். ரவுட்டரின் சத்தம் சரியாக வெட்டும்போது ஒரே சீராக இருக்கும், சுதி மாறாது. பிட் மரத்தைப் பிடித்து ஓடத் தொடங்கினால் அந்தச் சத்தம் ஒரு கணம் அமுங்கிப் பிறகு கீச்சிடும். அந்த அமுங்கலைக் கேட்டதும் திரும்பினேன். அதற்குள் கீச்சும் முடிந்துவிட்டது.

வலப்பக்க ஓரம். அவள் இழுத்திருக்கிறாள். இதை நான் மறைக்கவில்லை. பத்து வருடம் பால் வெட்டிய கை, பிறகு பல வருடம் அம்பைப் பார்த்துப் பழகிய கை. அம்பு இல்லை. எட்டு மேசைப் பலகையில் ஏழைச் சரியாகத் தள்ளிச் செய்திருந்தாள். எட்டாவதில் கை பழைய வேலைக்குப் போய்விட்டது. மெசின் ஓடி வந்தது. வலது கை பிளாஸ்டிக் குமிழில் வழுக்கியது. இடது கை எங்கே இருந்தது? அதுதான் என்னைக் கொல்கிறது. பேஸின் குமிழ் இருந்த இடத்தைத் தேடிப் போன கை அது. குமிழ் இல்லை. பிடிக்க வேறொன்றும் இல்லாமல் பலகையின் அதே வலப்பக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மெசின் நேரே அதன் மேல் வந்தது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும்.

அவள் கத்தவில்லை. சுவிட்சை நிறுத்தப் பாய்ந்த என்னிடம் சொன்னாள்:

"அண்ணே, பலகையில ரத்தம் படுது. சீக்கிரம் தொடைங்க, கறை புடிச்சிரும்."

றப்பர் மரம் வெள்ளை மரம். கறை உடனே இறங்கிவிடும். எங்களுக்கு அதைத்தான் தினமும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் சட்டையைக் கழற்றி அவள் கையில் சுற்றினேன். மர லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, நான் இழுத்திட்டேனா?" நான் பதில் சொல்லவில்லை. பதிலை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

விசாரணை அவருடைய அலுவலகத்தில் நடந்தது. என்னை உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினார். ஐந்து வசனங்கள். மெசின் தயாரிப்பாளர் அனுப்பிய நிலையில் இருந்தது. மெசினில் எந்தப் பழுதும் இல்லை. தொழிலாளிக்குப் பயிற்சி வழங்கப்பட்டிருந்தது. தொழிலாளி தவறான திசையில் மெசினை இழுத்தார். தொழிலாளியின் இடது கை இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது.

"இதில் பொய் ஏதாவது இருக்கிறதா?"

"பேஸ கழட்டினது இதுல இல்லையே சேர்."

"அது நிர்வாக விசயம். இது விபத்து அறிக்கை. நடந்ததை மட்டும் எழுதுவோம், ப்ளீஸ்." பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "அதை எழுதினால், எரித்தது யார் என்பதையும் எழுத வேண்டி வரும். உங்களை அதில் இழுக்க எனக்கு விருப்பம் இல்லை."

கையெழுத்துப் போட்டேன். குடும்பத்தை நினைத்தேன், வேலையை நினைத்தேன் என்றெல்லாம் இப்போது சொல்லலாம். உண்மை அதுவல்ல. எரித்த கை என்னுடையது என்று தாளில் வருவதற்குப் பயந்தேன். ஐந்து வசனமும் உண்மை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐந்தையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் ஆறாவதாக ஒரு வசனம் எழும்பும்: பரமேஸ்வரி கவனமில்லாதவள். அதை அவர் எழுதவே இல்லை. எழுதத் தேவையில்லாதபடி எழுதியிருந்தார்.

அந்த ஞாயிறு கோயில் பூசை முடிந்து நேரே சிறிபால பாஸ் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்து கேட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"சவரி, உனக்குப் பத்து விரலும் இருக்குதானே? அப்போ எழுதி இருக்க ஏலும்தானே?"

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. இரண்டு வருடத்தில் இறந்தார். சவப்பெட்டியைத் தூக்க நானும் போனேன். அவருடைய மகன் இடம் விட்டான்.

பரமேஸ்வரியை மணல்தாள் பகுதிக்கு மாற்றினார்கள். அறிக்கை நோட்டீஸ் பலகையில் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் அவளிடம் வேலை விசயமாக எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். குமிழுக்கு எட்டுப் பூச்சு சமமாகப் போட்டவள், "கவனமா பண்ணு, கவனமா பண்ணு" என்று நேற்று வந்தவர்கள் எல்லாம் சொல்லக் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு வருடத்தில் அவளே நின்றுகொண்டாள். என்னோடு அவள் பேசுவதை நிறுத்தவில்லை. அது எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை.

இது பழைய கதை, இப்போது ஏன் கிளப்புகிறாய் என்று கேட்பீர்கள். நான் கிளப்பவில்லை. போன மாதம் கௌசல்யா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மாமா, இதப் பாருங்க" என்று போனை நீட்டினாள். வகுப்பில் யாரோ எடுத்த வீடியோ. தேவராஜன் சேர் கையில் ஒரு பேஸ். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்தது, குமிழில் கறுப்பு றப்பர் உறை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், நுனியில் தாழ்வான குமிழ், சிவப்பு அம்பு. தொழிற்சாலையில் தான் நடத்திய ஆய்வில் பிறந்தது என்கிறார். அது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது பெரிதில்லை. நல்ல சாமான், பத்துப் பேரின் கையைக் காப்பாற்றட்டும். பேர் யாருடையதாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்ததுதான் விசயம். இது ஏன் தேவைப்பட்டது என்று ஒரு கதை சொல்கிறார். "பால் வெட்டுகிற ஒரு பெண்மணி. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் மெசினை மாட்டை இழுக்கிற மாதிரி இழுப்பார். ஒரு நாள் மாடு முட்டிவிட்டது." வகுப்பு சிரிக்கிறது. அவர் கையை உயர்த்தி, "சிரிக்காதீர்கள், ப்ளீஸ். அவருடைய கவனக்குறைவில் இருந்துதான் இந்தப் பேஸ் பிறந்தது" என்கிறார். தொழிற்சாலையின் பேரையும் சொல்கிறார். மறுபடி சிரிப்பு.

"நானும் சிரிச்சேன் மாமா" என்றாள் கௌசல்யா. "மொத தடவ. பெக்டரி பேரு சொன்ன பெறகுதான் அது எங்கம்மான்னு வெளங்கிச்சு."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"வீடியோவ காட்டினேன். முழுசும் பாத்தாங்க. 'அந்த அம்புக்குறி நல்லா இருக்கு'ன்னாங்க. பெறகு 'நீயும் சிரிச்சியா'ன்னு கேட்டாங்க. அடுப்படிக்குப் போயிட்டாங்க." போனைப் பைக்குள் வைத்தாள். "மாமா, அம்மா உண்மையிலயே கவனமில்லாமதான் பண்ணினாங்களா? நீங்க அங்க இருந்தீங்கதானே?"

லொறியில் தாய் கேட்டதற்கு நான் சொல்லாத பதிலை மகளுக்குச் சொன்னேன். பொய்லர், சாக்கு, கையெழுத்து, எல்லாம். அவள் அழவில்லை. "இத்தன வருசமா அம்மாவுக்கு இது தெரியுமா?" என்றாள்.

"பேஸ கழட்டினது தெரியும். நான் கையெழுத்துப் போட்டது தெரியும். அறிக்கையில எழுதச் சொல்லிக் கேட்டேன், மாட்டேன்னாருங்கிறது தெரியாது."

"அப்ப அம்மா தன்னோட பிழைன்னுதான் நெனச்சிட்டு இருக்காங்க" என்றாள். "அத யாரு எடுக்கிறது?"

அன்று சாயந்தரமே பரமேஸ்வரியின் லயத்து வீட்டுக்குப் போனேன். சொன்னேன். மூன்று விரல் கையால் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்: "நீங்க எங்கிட்ட சொல்லிட்டீங்க அண்ணே. எங்கிட்ட மட்டும் சொன்னா போதுமா? சிரிச்சவங்க நாப்பது பேரு."

அதனால்தான் எழுதுகிறேன். இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி ரவுட்டர் பிடிப்பதைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில். மெசினில் கை வழுக்கினால் குமிழைப் பாருங்கள். மெசின் சாய்ந்தால் தட்டைப் பாருங்கள். ஒரே பிழை திரும்பத் திரும்ப நடந்தால் அந்தக் கை முன்பு என்ன வேலை செய்தது என்று பாருங்கள். கவனமில்லை என்று யாராவது எழுதினால், அதற்கு முன்னால் என்ன கழற்றப்பட்டது என்று கேளுங்கள். நான் ஒரு தடவை கேட்டேன், கேட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

தேவராஜன் சேர், என் பங்கை என் பேரோடு அச்சில் சொல்லிவிட்டேன். எரித்தவன் நான், கையெழுத்துப் போட்டவன் நான். எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். உங்கள் வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில் நடக்கிறது என்று தெரியும். வருகிற செவ்வாய் பரமேஸ்வரியும் கௌசல்யாவும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். அதே நாற்பது பேருக்கு முன்னால் அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்கள். இந்தத் தடவை, பேஸைக் கழற்றச் சொன்னது யார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.